பிள்ளைகள் சாகாத ஊர்கள்



இந்த மாதம் உளநலம் பற்றிப் பேசும்படி நிலையத்தார் கேட்டார்கள். எங்கள் பிள்ளைகளைப் பற்றிப் பேசப்போகிறேன் என்று நீங்கள் எதிர்பார்த்திருப்பீர்கள். அவர்களிடமும் வருவேன். அதற்கு முன், இந்தக் கனடா நாட்டின் முதற்குடி மக்களுடைய பிள்ளைகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

கலியாண வீடுகளிலும் தமிழ்க்கடை வாசல்களிலும் ஒரு வசனம் என் காதில் அடிக்கடி விழுகிறது. "அவையள் குடிச்சே அழிஞ்சு போற சனம். அரசாங்கம் சும்மா இருந்து தின்னக் காசு குடுக்குது." சொல்லுகிறவர்கள் கெட்ட மனிதர்கள் அல்ல. பகலில் ஒரு வேலை, இரவில் ஒரு வேலை என்று உழைத்துப் பிள்ளைகளை வளர்த்தவர்கள். ஆனாலும் அந்த வசனம் பிழையானது.

2002–03இல் முதற்குடி மக்கள் தாங்களே நடத்திய சுகாதாரக் கணக்கெடுப்பு ஒன்று இருக்கிறது. அதற்கு முந்திய ஒரு வருடத்தில் ஒரு தடவையாவது மது அருந்திய வளர்ந்தோர் அவர்களிடையே 65.6 வீதம். கனடாவின் பொதுச் சனத்தொகையில் அது 79.3 வீதம். குடியைத் தொடாதவர்கள் அவர்களிடையேதான் கூட! அதே நேரம், குடிப்பவர்களுக்குள் அளவுமீறிக் குடிப்பவர்களும் அவர்களிடையே கூட. இரண்டும் உண்மை. இரண்டையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் அது வெறும் வம்பு.

பிரச்சினை இல்லை என்று நான் சொல்லவில்லை. பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம் 2016 ஏப்ரலில் நச்சுக் கலந்த போதைவஸ்துச் சாவுகளுக்காகப் பொதுச் சுகாதார அவசரநிலையை அறிவித்தது. அந்தச் சாவுகளில் முதற்குடியினரின் வீதம் மற்றவர்களுடையதைவிடப் பல மடங்கு. இளையோர் தற்கொலை ஐந்தாறு மடங்கு என்று அரச அறிக்கைகள் வருடக்கணக்காகச் சொல்லி வந்தன. அப்படியானால் அந்த இனத்தின் இயல்பே அதுதானோ என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். 1995ஆம் ஆண்டளவில் உலகிலேயே மிக உயர்ந்த தற்கொலை வீதம் கொண்ட நாடுகளில் இலங்கையும் ஒன்று. இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 47. கொடிய நச்சுப் பூச்சிமருந்துகள் சிலவற்றைத் தடைசெய்த பிறகு அது பாதிக்கும் கீழே இறங்கியது. இன இயல்பென்றால் ஒரு தடைச்சட்டத்தால் இறங்கியிருக்குமா?

இனி நான் சொல்ல வந்த ஆய்வு. மைக்கேல் சாண்ட்லர், கிறிஸ்தோபர் லலோண்ட் என்று இரண்டு உளவியலாளர்கள். பிரிட்டிஷ் கொலம்பியாவில் வேலை செய்தவர்கள். அந்த மாகாணத்தில் முதற்குடிச் சமூகங்கள் ஏறத்தாழ இருநூறு உண்டு. 1987 முதல் 1992 வரை நடந்த இளையோர் தற்கொலைகளை இவர்கள் மாகாணச் சராசரியாகப் பார்க்கவில்லை. ஊர் ஊராகப் பிரித்துப் பார்த்தார்கள்.

நான் ஊரில் படிப்பித்தவள், ஆகவே வகுப்பறைக் கணக்கிலே சொல்கிறேன். பாதிப் பிள்ளைகள் தொண்ணூறும் மற்றப் பாதிப்பேர் பூச்சியமும் எடுத்தால் வகுப்புச் சராசரி நாற்பத்தைந்து. ஆனால் நாற்பத்தைந்து எடுத்த பிள்ளை ஒன்றுகூட அந்த வகுப்பில் இல்லை. இங்கேயும் அதுதான் நடந்தது. பாதிக்கு மேற்பட்ட ஊர்களில் அத்தனை வருடங்களிலும் ஒரு இளைஞனோ யுவதியோ தற்கொலை செய்யவில்லை. ஒன்றுகூட இல்லை. வேறு சில ஊர்களிலோ நாட்டின் சராசரியைவிட நூற்றுக்கணக்கான மடங்கு. ஒரே மாகாணம், பறிகொடுத்ததும் ஒரே மாதிரி. பிறகு ஏன் இந்த வித்தியாசம்?

அவர்கள் ஆறு விசயங்களைப் பார்த்தார்கள். ஊர் தன்னைத் தானே ஆள ஏதாவது அதிகாரம் பெற்றிருக்கிறதா? பறிபோன நிலத்துக்காகத் தொடர்ந்து வழக்காடியிருக்கிறதா? பள்ளிக்கூடம் ஊராரின் பொறுப்பில் இருக்கிறதா? சுகாதார சேவை? பொலிசும் தீயணைப்பும்? ஊர் கூடித் தன் சடங்குகளை நடத்தவென்று ஒரு மண்டபமாவது இருக்கிறதா? 1998இல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஆறும் இருந்த ஊர்களில் இளையோர் தற்கொலை பூச்சியம். ஒன்றுமே இல்லாத ஊர்களில் இலட்சத்துக்கு 137.5. ஒவ்வொன்றாகக் கூடக்கூடச் சாவு குறைந்துகொண்டு வந்தது. எல்லாவற்றிலும் வலுவாக நின்றது சுயாட்சி.

இதனால் மட்டும் ஒன்று மற்றதற்குக் காரணம் என்று நிறுவிவிட முடியாது. உறுதியான ஊர் பள்ளிக்கூடத்தையும் தன் கையில் எடுக்கும், பிள்ளையையும் காப்பாற்றும். இரண்டுக்கும் பின்னால் வேறொரு பலம் இருக்கலாம். ஆனால் 1993 முதல் 2000 வரையான தரவுகளை எடுத்துப் பார்த்தபோதும் அதே படம்தான் தெரிந்தது. அந்தத் தடவை இன்னும் இரண்டைச் சேர்த்தார்கள்: சிறுவர் பராமரிப்பு ஊரின் கையில் இருப்பது, ஊர்ச்சபையில் பெண்கள் பாதிக்கு மேல் இருப்பது. இவையும் சாவைக் குறைத்த பக்கத்திலேயே நின்றன. எங்கள் கோயில் நிருவாகசபைகளை ஒருதரம் நினைத்துப் பாருங்கள். அதற்குமேல் நான் ஒன்றும் சொல்லவில்லை.

ஒரு ஊர்ச்சபைக்கும் பதினாறு வயதுப் பிள்ளை ஒன்று உயிரோடு இருப்பதற்கும் என்ன தொடர்பு? இதை விளங்கிக்கொள்ள அவர்கள் பிள்ளைகளோடு பேசிய விதத்தைச் சொல்ல வேண்டும். இந்த ஆய்வில் எனக்கு மிகவும் பிடித்த பகுதியும் இதுதான்.

சித்திரக்கதைப் புத்தகங்களைக் கொடுத்தார்கள். டிக்கன்ஸ் எழுதிய கதையில் வருகிற கஞ்சன் ஸ்குரூஜ், விக்டர் ஹியூகோவின் கதையில் வருகிற திருடன் ஜோன் வல்ஜோன். இரண்டு பேருமே கதை முடியும்போது முழுக்க மாறிப்போகிறவர்கள். முதற்குடிப் பிள்ளைகளுக்கு அவர்களுடைய சொந்தக் கதைகளையும் கொடுத்தார்கள். பிறகு கேட்டார்கள்: "இவ்வளவு மாறின பிறகும் இவர் அதே ஆள்தான் என்று எப்படிச் சொல்வாய்?" அடுத்ததாக, "ஐந்து வருடத்துக்கு முந்தி நீ எப்படி இருந்தாய்? இப்போது எப்படி? இரண்டும் ஒரே நீதானா?"

அநேகமான பிள்ளைகள் தங்களால் இயன்ற ஏதோ ஒரு பதிலைச் சொன்னார்கள். வெள்ளைக்காரப் பிள்ளைகளில் பலர், மாறாத ஏதோ ஒன்று தமக்குள் இருக்கிறது என்றார்கள். முதற்குடிப் பிள்ளைகளில் பலர் கதையாகச் சொன்னார்கள்: இது நடந்தது, அதனால் இப்படி ஆனேன், பிறகு இது நடந்தது. ஆனால் தற்கொலை முயற்சிக்குப் பின் ஆஸ்பத்திரியில் இருந்த பிள்ளைகளில் மிகப் பெரும்பாலானோரால் எந்தப் பதிலும் சொல்ல முடியவில்லை. நேற்று இருந்தவன் யார், நாளைக்கு இருக்கப்போகிறவன் யார் என்ற இழை அறுந்துபோயிருந்தது. நாளைக்கு வரப்போகிறவன் தான்தான் என்று தெரியாதவனுக்கு அவன்மேல் அக்கறை எங்கிருந்து வரும்?

குமர்ப் பருவத்தில் இந்த இழை எந்தப் பிள்ளைக்கும் ஆடும். ஆடும்போது பிடித்துக்கொள்ள வீடும் ஊரும் வேண்டும். ஊரின் கதையையே வெட்டிவிட்டால் பிள்ளை எதைப் பிடிக்கும்? அந்த வெட்டு எப்படி நடந்தது என்பது அரச பதிவில் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து 1990கள் வரை ஏறத்தாழ 150,000 பிள்ளைகள் வதிவிடப் பாடசாலைகளில் வைக்கப்பட்டார்கள். பலர் தாய்தகப்பனிடமிருந்து பறித்தெடுக்கப்பட்டவர்கள். தாய்மொழியில் கதைத்ததற்கு அடி வாங்கினார்கள். அரசு 2008 யூனில் பாராளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டது. உண்மைக்கும் நல்லிணக்கத்துக்குமான ஆணைக்குழு 2015இல் 94 பரிந்துரைகளை வைத்தது. புதிதாக வரும் குடிவரவாளருக்கு இந்த வரலாற்றைச் சொல்லுங்கள் என்பதும் அவற்றில் ஒன்று. குடியுரிமைச் சத்தியத்தில் முதற்குடியினரின் உரிமைகள் பற்றிய வரி 2021 யூனில்தான் சேர்ந்தது. அதற்கு முன் கை உயர்த்திச் சத்தியம் செய்த எங்களில் பலருக்கு இதை யாரும் சொல்லித் தரவில்லை. 2010 ஓகஸ்டில் சன் சீ கப்பலில் 492 தமிழர் வந்து இறங்கினார்களே, எஸ்குவைமோல்ட் துறைமுகம், அந்தப் பெயர்கூட அங்கே வாழும் முதற்குடியினரின் பெயர்தான்.

வெட்டினதை ஒட்ட முடியுமா? அதே மாகாணத்தில், வில்லியம்ஸ் லேக் பட்டினத்துக்குப் பக்கத்தில், அல்கலாய் லேக் என்று ஒரு சிறிய ஊர். செக்வெபெம் மக்களின் ஊர். 1970களின் தொடக்கத்தில் அங்கே குடிக்காத வளர்ந்தவர் இல்லை என்றே சொல்லலாம். 1972இல் பிலிஸ் செல்சி என்ற தாய், பேத்தியார் வீட்டில் விட்டிருந்த ஏழு வயது மகளைக் கூப்பிடப் போனார். "நீங்கள் குடிக்கிறீங்கள், நான் வரமாட்டேன்" என்று விட்டது பிள்ளை. தாய் அன்றோடு நிறுத்தினார். சில நாளில் கணவர் அண்டியும் நிறுத்தினார். பிறகு அண்டி ஊர்த் தலைவரானார்.

அவர்கள் மேடை போட்டு உபதேசம் பண்ணவில்லை. உதவிப்பணம் குடிக்குப் போகாதபடி சாமான் வாங்கும் துண்டாகக் கொடுக்க ஏற்பாடு செய்தார்கள். கள்ளமாகச் சாராயம் விற்றவர்களைப் பிடித்துக் கொடுத்தார்கள், சொந்தக்காரர் என்றும் பார்க்காமல். ஒருவர் சிகிச்சைக்குப் போனால் ஊரார் அவருடைய பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டார்கள், அவர் வரமுன் வீட்டைத் திருத்திப் பெயின்ற் அடித்து வைத்தார்கள். 1980களின் நடுப்பகுதியில் ஊரில் மிகப் பெரும்பாலானோர் குடியை விட்டிருந்தார்கள். குடி நின்ற பிறகுதான் வதிவிடப் பாடசாலையில் தமக்கு நடந்ததைப் பலர் வாய்விட்டுச் சொல்லத் தொடங்கினார்கள். அந்த வேலை குடியை விடுவதைவிடக் கடினமாக இருந்தது.

சரி, எங்கள் பிள்ளைகள். அவர்களுக்கும் எங்களுக்கும் நடந்தது ஒன்றே என்று நான் சொல்லமாட்டேன். இந்த நாட்டில் சட்டம் போட்டு யாரும் எங்கள் பிள்ளைகளைப் பறிக்கவில்லை. ஆனால் இழை அறுவது எங்களுக்கும் தெரிந்த விசயம். யாழ்ப்பாணத்தில் பணிபுரிந்த உளமருத்துவர் தயா சோமசுந்தரம் 2007இல் வட இலங்கையின் கூட்டு மனவடு பற்றி எழுதினார். போர் தனி ஆளை மட்டும் காயப்படுத்துவதில்லை, குடும்பத்தையும் ஊரையும் சேர்த்துத்தான் காயப்படுத்துகிறது என்பது அவர் சொன்னதன் சாரம். இங்கே இளையோர் ஆலோசனை வேலையில் நான் காணும் பிள்ளைகளிடம் "அம்மா எப்படி இந்த நாட்டுக்கு வந்தவ?" என்று கேட்பது என் வழக்கம். பலருக்குத் தெரியாது. "கேட்டா அழுவா, அதால கேக்கிறேல்லை" என்கிறார்கள். பிள்ளையின் மனம் நோகக்கூடாது என்று தாய் மறைக்கிறா. தாயின் மனம் நோகக்கூடாது என்று பிள்ளை கேட்காமல் விடுகிறது. நடுவில் கிடக்கிறது முழுக் கதையும்.

"தமிழ் வகுப்புக்கு ஒழுங்காய் அனுப்பினால் சரிவருவானோ, ரீச்சர்?" என்று ஒரு தாய் கேட்டா. அவவுக்கு அப்போது ஒரு ஆய்வைச் சொன்னேன். 2007இல் சாண்ட்லரும் லலோண்டும் டார்சி ஹாலட் என்பவரோடு சேர்ந்து மொழியைப் பார்த்தார்கள். பாதிக்கு மேற்பட்டோர் தாய்மொழியில் உரையாடக்கூடிய ஊர்களில் இளையோர் தற்கொலை இலட்சத்துக்கு 13. மற்ற ஊர்களில் 96க்கும் மேல்.

இதைக் கேட்டவுடன் நாளைக்கே பிள்ளையின் காதைப் பிடித்து வகுப்புக்கு இழுத்துப் போகாதீர்கள். அந்த ஆய்வு எண்ணியது பிள்ளையின் சோதனைப் புள்ளியை அல்ல. பெரியவர்கள் அந்த மொழியில் வாழ்கிற ஊர்களைத்தான் அது எண்ணியது. பிள்ளையைத் தமிழ் வகுப்பில் இறக்கிவிட்டு வாசலில் நின்று வீட்டுக்கடன் வட்டியைப் பற்றிக் கதைப்பது வேறு விசயம். அதோடு, ஆறும் இருந்த ஊர்களில் பள்ளிக்கூடம் ஊராரின் கையில் இருந்தது. எங்கள் ஊர்ச் சங்கங்களிலும் பழைய மாணவர் சங்கங்களிலும் பதினேழு வயதுப் பிள்ளை கதிரை அடுக்கலாம், வடை பரிமாறலாம். கூட்டத்தில் வாய் திறந்தால், "தம்பி, நீ கொஞ்சம் பொறு." எத்தனை வருடம் பொறுப்பது? இந்த வருடப் பொதுக்கூட்டத்தில் இருபத்தைந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட இரண்டு பேருக்கு, ஒரு பொடியனுக்கும் ஒரு பெட்டைக்கும், வாக்கோடு இடம் கொடுங்கள். காசுக் கணக்கையும் காட்டுங்கள். அவர்கள் சண்டை பிடிப்பார்கள். பிடிக்கட்டும்.

வீட்டில் இதைவிடச் சிறிய வேலை இருக்கிறது. நீங்கள் வந்த கதையைச் சொல்லுங்கள். எல்லாவற்றையும் ஒரே இரவில் கொட்ட வேண்டியதில்லை. எந்த ஒழுங்கையில் குடியிருந்தீர்கள், எந்த வருடம் வெளிக்கிட்டீர்கள், வழியில் யார் சோறு தந்தார்கள். பிள்ளை ஆங்கிலத்தில் கேள்வி கேட்டால் ஆங்கிலத்திலேயே கேட்கட்டும்.

பிள்ளை "நான் இல்லாமல் போனால் நல்லது" என்ற மாதிரி ஏதும் சொன்னால் அதைப் பகிடியாக எடுக்காதீர்கள், கோயில் நேர்த்தியோடு விட்டுவிடவும் வேண்டாம். பக்கத்தில் இருந்து நேராகவே கேளுங்கள், சாக நினைக்கிறாயா என்று. கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. கனடா முழுவதற்கும் 2023 நவம்பர் முடிவிலிருந்து 9-8-8 என்ற மூன்று இலக்கம் இருக்கிறது. இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம், குறுஞ்செய்தியும் அனுப்பலாம், காசு இல்லை. ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் பேசுவார்கள். உங்கள் ஆங்கிலத்தை நினைத்துத் தயங்காதீர்கள், பிள்ளையே பேசலாம், நீங்கள் பக்கத்தில் இருங்கள். இலக்கத்தை இப்போதே எழுதிக் குளிர்ப்பெட்டிக் கதவில் ஒட்டிவிடுங்கள்: ஒன்பது, எட்டு, எட்டு.