பழஞ்சேலைப் போர்வைக்கு நடுத்தையல் முக்கியம்



மார்கழிப் பனி இறங்கினால் நம்ம திருவரங்குளம் வட்டாரத்திலும் பிள்ளைகளுக்குப் போர்வை தேடுகிறோம். பெட்டியில் கிடக்கும் பழைய நூல்சேலைகளே போதும். மூன்றை அடுக்கித் தைத்தால் கதகதப்பாக இருக்கும். ஆனால், ஓரத்தை மட்டும் தைத்து நடுவை விட்டால், துவைக்கத் துவைக்க உள்துணி சுருண்டுவிடும். சேலையும் போச்சு, பட்ட பாடும் போச்சு.

கர்நாடகத்தில், வட கன்னட மாவட்டத்துச் சித்தி இனப் பெண்கள் ‘கவந்த்’ என்ற போர்வை தைக்கிறார்கள். ஒரு மூலையில் தொடங்கி, ஓரமாகவே சுற்றிச் சுற்றி வந்து நடுவில் முடிப்பார்கள். நாலு மூலையிலும் ‘பூலா’ என்ற துணி மடிப்பு வைத்தால்தான் வேலை முடிந்ததாகக் கணக்கு.

நீங்களும் செய்யலாம். சேலைகளை அலசிக் காயவைத்து, பாயில் சுருக்கமில்லாமல் விரியுங்கள். அசையாதபடி எட்ட எட்ட நூலோட்டுங்கள். பிறகு விரற்கடை இடைவெளியில் ஓட்டுத்தையல் போட்டு, முதலில் ஓட்டிய நூலைப் பிரித்துவிடுங்கள்.

வெளிநாடுகளில் போர்வையைச் சட்டத்தில் இழுத்துக் கட்டி, நீண்ட கழுத்துள்ள மெஷினை அதன்மேல் நகர்த்திப் பூவும் கொடியுமாகத் தைக்கிறார்கள். அதற்கு முதல் அதிகம். நமக்கு ஊசி நூலே போதும்.

விற்பதானால், நூல் செலவோடு உங்கள் நாள்கூலியையும் சேர்த்து விலை சொல்லுங்க. ‘பழந்துணிதானே’ என்று வருகிறவர் சொல்லும் விலைக்குக் கொடுத்துவிடாதீங்க.