பகலில் பேச்சு, இரவில் மூச்சு



கடலுணவுக்காகவே வெளியூரார் தேடி வரும் இந்தக் கரையோரத்தில், கோல சிலாங்கூர் வட்டாரத்துச் சுங்கை செம்பிலாங்கில், தொண்டையைப் பற்றிப் பேச மருத்துவர்களும் தாதியரும் பேச்சுப் பயிற்சியாளர்களும் ஆசிரியர்களும் பெற்றோரும் அடங்கிய ஓர் அவை கூடியிருக்கிறது. தலைமையேற்றவன் என்ற உரிமையில் ஒன்றை மட்டும் வலியுறுத்துகிறேன்: பேச்சைத் திருத்தும் அறுவை சிகிச்சைக்கு முன்னும் பின்னும் பிள்ளையின் உறக்கத்தை விசாரியுங்கள்.

அண்ணப் பிளவைக் குழந்தைப் பருவத்திலேயே தைத்துவிட்டாலும், சில பிள்ளைகளுக்கு மூக்கால் பேசுவது நிற்பதில்லை. மெல்லண்ணம் குட்டையாகவோ அசைவு குன்றியோ இருந்து, தொண்டையின் பின்சுவரைத் தொடாமல் நின்றுவிடுகிறது. வல்லின எழுத்துகளுக்கு வாய்க்குள் காற்றழுத்தம் வேண்டும். அது மூக்கு வழியே கசிந்துவிட்டால் 'பாட்டி' என்பது 'மாண்ணி' போல ஒலிக்கும். 'மாமா' மட்டும் பழுதில்லாமல் வரும். எழுத்துகளின் பிறப்பை விளக்கும் தொல்காப்பியம் படித்த ஆசிரியருக்கு இதைக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் தேவையில்லை.

பயிற்சியால் மட்டும் சரியாகாதபோது, தொண்டையின் பின்சுவரிலிருந்து ஒரு திசு மடலை எடுத்து மெல்லண்ணத்தோடு தைக்கிறார்கள். ஜெர்மானிய மருத்துவர் ஷோன்போர்ன் 1870களில் தொடங்கிவைத்த முறை இது. நடுவழி அடைபடும்; இரு பக்கமும் சிறு துவாரங்கள் மிஞ்சும். அகலமாக விட்டால் பேச்சு திருந்தாது, குறுக்கினால் மூச்சு திணறும். அந்தப் பக்கத் துவாரங்களை அளவோடு அமைக்கும் வழியை அறுவை மருத்துவர் ஹோகன் 1973இல் எழுதினார். ஆனால் அளந்து வைத்த துவாரமும் வீக்கத்தில் சுருங்கும். விழித்திருக்கும்போது தசைகள் மூச்சு வழியைத் திறந்து பிடிக்கின்றன, உறங்கும்போது தளர்கின்றன. பெரிய டான்சிலோ, பியர் ரோபின் என்னும் பிறவிக் குறைபாட்டில் காணும் சிறிய கீழ்த்தாடையோ சேர்ந்துகொண்டால் மூச்சு விட்டு விட்டு நின்றுபோகும். இந்த அறுவை சிகிச்சையை அடுத்து உறக்கத்தில் மூச்சடைப்பும் மரணமும் நேர்ந்ததை 1980இலேயே ஒரு குழந்தை மருத்துவ இதழ் பதிவு செய்தது.

பெரும்பாலோருக்கு வீக்கம் வடிந்ததும் சில வாரங்களில் சரியாகிவிடும். எல்லோருக்கும் அப்படியில்லை. சிலருக்கு முகமூடி வழியே காற்றழுத்தம் தரும் கருவி வேண்டியிருக்கும். சிலருக்குத் தைத்த மடலையே பிரிக்க நேரும். அதனால் டான்சில் பெரிதாக இருந்தால் முன்கூட்டியே அகற்றிவிடுவது நல்லது. மூக்குக்குப் பின்னால் உள்ள அடினாய்டு சதையில் மட்டும் அவசரம் கூடாது, அதை எடுத்தால் மூக்கொலி கூடக்கூடும். மெல்லண்ணத்துக்கும் பின்சுவருக்கும் இடைவெளி சிறிதாக உள்ள பிள்ளைக்கு, அண்ணத்தையே நீட்டித் தைக்கும் ஃபர்லோ முறை மூச்சுக்குக் குறைந்த ஆபத்துடையது.

இங்கே நமக்கொரு தனிச் சிக்கல். அண்ணப் பிளவுக்கான சிறப்பு மருத்துவம் கோலாலம்பூர்ப் பக்கம். குறட்டையோ நம் ஊர்களான ஜெரத்திலும் ஈஜோக்கிலும் புக்கிட் ரோத்தானிலும் வீட்டுக்குள் கேட்பது. விடியுமுன் தோட்டத்துப் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, போன தலைமுறை, குறட்டை விடும் பிள்ளையை 'அசந்து தூங்குது' என்று சொல்லிப் பழகியது. மூச்சடைப்புள்ள பிள்ளை பகலில் தூங்கி விழாமல் துறுதுறுவென்று அலையவும் கூடும். வகுப்பில் அதற்குக் கிடைப்பது பிடிவாதக்காரன் என்ற பட்டம்தான். பேச்சுப் பயிற்சியாளர் கிடைப்பதும் எளிதல்ல: மலேசியத் தேசியப் பல்கலைக்கழகம் பேச்சு அறிவியல் பட்டப்படிப்பைத் தொடங்கியதே 1995இல்தான். தமிழ் அறிந்த பயிற்சியாளர் இன்றும் எல்லா மருத்துவமனையிலும் இல்லை.

நான் இந்த அறுவை சிகிச்சையைத் தடுக்க வரவில்லை. புரியும்படி பேச வாய்த்த பிள்ளையின் வாழ்க்கையே மாறிவிடுகிறது. பெற்றோரிடம் என் வேண்டுகோள் இது: பிள்ளை குறட்டை விட்டாலோ, மூச்சு நின்று திடுக்கிட்டாலோ, கழுத்தைப் பின்னால் வளைத்துத் தூங்கினாலோ, கைப்பேசியில் படம் பிடித்து, அறுவை சிகிச்சைக்குச் சம்மதக் கையெழுத்திடுமுன் மருத்துவரிடம் காட்டுங்கள். வீடு திரும்பிய பின் மூச்சு நிற்பதைக் கண்டால், அடுத்த பரிசோதனைத் தேதிக்குக் காத்திராமல் அன்றிரவே தஞ்சோங் காராங் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.