காமன் எழுந்த கதை



ஹல்துமுல்லை முதலிய மலையகத் தோட்டப் பகுதிகளின் பழங்கலை காமன் கூத்து. மாசி மாதத்தில் தப்பொலி எழுந்ததும் லயத்து முற்றம் கயிலையாகிவிடும். பகலெல்லாம் கங்காணிக்குத் தலைகுனிந்த தொழிலாளி, இரவிலே சிவபெருமானாகி நெற்றிக்கண்ணைத் திறப்பான். பொழுது விடிந்ததும் அதே சிவபெருமான் பிரட்டுக் களத்திலே பெயர் கொடுத்து நிற்பான். அதிகாரம் ஓர் இரவு வேடம் என்பதை அவனுக்கு எவரும் உபதேசிக்க வேண்டியதில்லை.

வேடம் பூணுவோர் முன்னதாகவே விரதம் காத்தல் வேண்டும் என்பது கூத்தின் விதி. அரசியலிலோ வேடம் முதலில். விரதம் தேர்தலில் தோற்ற பின்!

காமனை எரித்த கடவுள், இரதியின் கண்ணீருக்கு இரங்கி மூன்றாம் நாள் அவனுக்கு உயிர் கொடுக்கிறார். தம் தீர்ப்பைத் தாமே திருத்தத் தெய்வம் வெட்கப்படவில்லை.

அரசாங்கங்கள் அத்துணை விரைவாக இரங்குவதில்லை. 1947இல் வாக்களித்த தோட்டத் தொழிலாளருள் மிகப் பெரும்பாலோரை 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் நாடற்றவராக்கியது. அடுத்த ஆண்டு வாக்குரிமையும் போயிற்று. 1964ஆம் ஆண்டுச் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலட்சக்கணக்கானோர் இந்தியா செல்ல நேர்ந்தது. உற்றார் ஒரு கரையிலும் உறவினர் மறு கரையிலுமாயினர். எஞ்சிய நாடற்றோருக்குப் பிரஜாவுரிமை வழங்கும் சட்டம் 2003இலேதான் பிறந்தது.

காமன் எழ 3 நாள். குடிமகன் எழ 55 ஆண்டு!

எரிக்கும் கண் எல்லா அரசுக்கும் உண்டு. அழுகுரல் கேட்கும் செவியே அரிது. அச்செவி உள்ள அரசே நல்லரசு.