கைத்தட்டலும் கணக்கும்
(பொதுக்கூட்டச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



போதையில் புரளும் இளைஞனைக் கண்டால் உள்ளம் பதைக்கிறது. கத்தி தூக்கும் சிறுவனைக் கண்டால் நெஞ்சம் நடுங்குகிறது. பதைப்பு பழுதன்று. ஆனால், பதைப்பே மருந்தாகிவிடுமா? ஆகிவிடும் என்று நம்பிய நாடொன்றின் கதையைக் கேளுங்கள்.

அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்திலே ராவே என்றோர் ஊர். அங்கே பெரியதோர் சிறைக்கூடம். ஆயுள் தண்டனைக் கைதிகள் 1976-ஆம் ஆண்டில் அங்கே ஒரு முயற்சியைத் தொடங்கினர். வழிதவறும் சிறுவர்களைச் சிறைக்குள் வரவழைத்தனர்; உள்ளே காத்திருக்கும் கொடுமைகளை எல்லாம் அவர்கள் முகத்துக்கு நேரே முழங்கினர். சிறுவர்கள் வெலவெலத்தனர், விம்மினர். ஊரார் உளம் மகிழ்ந்தனர். 1978-இல் அது திரைப்படமாயிற்று. மறு ஆண்டு ஆஸ்கார் பரிசும் பெற்றது. நாடகம் எழுதுகிறவன் நான், சொல்கிறேன்: காட்சி அபாரம்! இரும்புக் கதவு, இடிக்குரல், இளைஞனின் கண்ணீர்! நாடகாசிரியனுக்கு வேறென்ன வேண்டும்?

எல்லோரும் கைதட்டினர், ஒருவர் கணக்குக் கேட்டார். அவர் ரட்கர்ஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜேம்ஸ் ஃபிங்கனவர். சிறையைக் கண்டு வந்த சிறுவர்கள் ஒருபுறம். காணாத சிறுவர்கள் மறுபுறம். 6 திங்கள் கழித்து எண்ணிப் பார்த்தார். காணாதவர்களில் குற்றம் புரிந்தோர் நூற்றுக்கு 11 பேர். கண்டு, நடுங்கி, அழுது திரும்பியவர்களில்? நூற்றுக்கு 41 பேர்!

"81 சிறுவர்களை வைத்துக்கொண்டு உலகையே அளப்பதா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. இத்தகைய சோதனைகள் 9-ஐ ஒன்றுசேர்த்து ஆராய்ந்தவர்கள் 2002-இல் தீர்ப்புரைத்தனர்: ஒன்றுமே செய்யாதிருந்தாலும் இதைவிட நன்றாக இருந்திருக்கும்!

இன்னொன்று கேளுங்கள். 1983-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் 'டேர்' என்றொரு திட்டம் பிறந்தது. காவலர் சீருடையோடு வகுப்பறைக்கு வந்து போதையின் தீமையைப் போதித்தார். போதைக்கு எதிராகப் போதனை! அமெரிக்கப் பள்ளி மாவட்டங்களில் நான்கில் மூன்று பங்கு அதை ஏற்றது. 2001-இல் அந்நாட்டின் தலைமை மருத்துவ அதிகாரியின் அறிக்கை அதனைப் பயனற்றவற்றின் பட்டியலில் வைத்தது. 2009-இல் அந்த அமைப்பே தன் பாடத்தை மாற்றிக்கொண்டது. அதற்கு என் பாராட்டு.

அப்படியானால், பயன் தருவது எதுவுமே இல்லையா? உண்டு, ஆனால் அதில் ஆரவாரம் இல்லை. நியூயார்க் மாநிலத்து எல்மைராவில் 1978-இல் டேவிட் ஓல்ட்ஸ் என்ற அறிஞர், கருவுற்ற பெண்கள் 400 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்தார். ஒரு சாராரின் வீடு தேடிச் செவிலியர் சென்றனர். குழந்தைக்கு 2 வயதாகும் வரை சென்றனர். என்ன பேசினர்? புகைபிடிப்பதை விடுவது பற்றி, உண்ணும் உணவு பற்றி, அழும் பிள்ளையைத் தேற்றும் வகை பற்றி. அந்தப் பிள்ளைகளின் 15-ஆவது வயதில் எடுத்த கணக்கு 1998-இல் வெளியாயிற்று. மணமாகாத ஏழைத் தாய்மாரின் பிள்ளைகளில், செவிலியர் சென்ற வீட்டுப் பிள்ளைகள் கைதான தடவைகள், செல்லாத வீட்டுப் பிள்ளைகளுடையதில் பாதிக்கும் குறைவு! கல்லூரியைப் பாதியில் விட்டவன் நான். எனக்கே இந்தக் கணக்கு விளங்குகிறது.

ஐஸ்லாந்தையும் பாருங்கள். அங்கே 15, 16 வயதினரில், முந்திய ஒரு திங்களில் குடித்து மயங்கியவர்கள் 1998-இல் நூற்றுக்கு 42 பேர். 2016-இல் 5 பேர். மாணவரிடம் ஆண்டுதோறும் கருத்தறிந்தனர், மாலை நேரத்தை ஆட்டத்துக்கும் இசைக்கும் அளித்தனர், பெற்றோரை ஒன்றுதிரட்டினர். அதே காலத்தில் ஐரோப்பாவின் பிற நாடுகள் பலவற்றிலும் இளைஞரிடையே குடி குறைந்தது. ஆகவே முழு மாலையையும் திட்டத்தின் கழுத்திலேயே சூட்ட நான் ஒப்பமாட்டேன்.

போதை ஒழிப்பு நாடகமொன்று எழுதித் தருமாறு கேட்டிருக்கிறீர்கள். தருகிறேன். ஒரு நிபந்தனை: எந்தப் பள்ளியில் நடத்தினோம், எந்தப் பள்ளியில் நடத்தவில்லை என்று குறித்து வையுங்கள். ஓராண்டு கழித்து இரு பள்ளிகளிலும், பெயர் எழுதாத தாளில், மாணவரிடம் கேளுங்கள். நாடகம் பார்த்த பள்ளியின் கணக்கு மோசமாக இருந்தால், கையெழுத்துப் பிரதியை என்னிடமே திருப்பித் தாருங்கள்.