வலம்புரி ஒளி, இடம்புரி ஒளி
(நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரை)



வைத்தியர் மேடையேறினால் சீனி வருத்தம், பிரஷர் என்று பயமுறுத்துவது வழக்கம். இன்றைக்கு நாங்கள் ஒளியைப் பற்றிப் பேசப்போகிறோம். அதில் எங்கள் வகுப்புக்கு ஒரு பழைய கடன் உண்டு.

தொண்ணூறுகளில் நாங்கள் உயர்தரம் படித்த நேரம், ஒரு ரியூட்டரியில் முனைவாக்கம் என்ற சொல் வந்தது. எங்களில் ஒருத்தி எழும்பி, "சேர், ஒளி எப்படி முறுகும்?" என்று கேட்டாள். "சோதினைக்கு வராது, இரும் பிள்ளை" என்றார் அவர். அவள் இருந்துவிட்டாள். பிறகு குடும்பம் இடம்பெயர்ந்தது, படிப்பும் நின்றது. நாங்கள் சிலர் வைத்தியத்துக்குப் போனோம். ஆனால் பௌதிகம் உண்மையாக விளங்கினவள் அவள்தான்.

அவளுக்கான பதில் நம் ஊரிலேயே இருந்தது: சங்கு. இடம்புரி எங்கும் கிடைக்கும், வலம்புரி அருமை. ஒன்றை எப்படித் திருப்பிப் பிடித்தாலும் மற்றதாகாது. கண்ணாடியில் மட்டும்தான் ஆகும். ஒளியின் மின்புலமும் முன்னே போகப் போகத் திருகாணிப் புரிபோலச் சுற்றலாம், வலமாகவோ இடமாகவோ. அதுதான் வட்ட முனைவாக்கப்பட்ட ஒளி.

இதில் நம்மவர் ஒருவரை மறக்கக்கூடாது. சர் சி. வி. ராமனின் மருமகன் பஞ்சரத்தினம், பெங்களூரில் ராமன் ஆராய்ச்சி நிலையத்தில், அயோலைட் போன்ற படிகங்களினூடாக ஒளி செல்வதை ஆராய்ந்தார். அயோலைட் நம் நாட்டு இரத்தினக் கற்களிலும் ஒன்று. முனைவாக்கத்தைப் படிப்படியாக மாற்றி மீண்டும் தொடங்கிய நிலைக்கே கொண்டுவந்தாலும், போன பாதையின் தடம் அலையில் மிஞ்சும் என்று 1956இல் எழுதினார். அப்போது வயது 22. முப்பது வருடங்களுக்குப் பிறகே மைக்கேல் பெரி அதன் பெருமையை உலகுக்குச் சொன்னார். அதைக் கேட்கப் பஞ்சரத்தினம் இல்லை. 1969இல், 35 வயதில், ஒக்ஸ்போர்டில் காலமாகிவிட்டார்.

இப்போது அந்த ஒளியைத் தாங்களே உமிழும் துகள்களைச் செய்கிறார்கள். அளவு சில நனோமீற்றர்; ஒரு தலைமயிரின் தடிப்பு ஏறத்தாழ 80,000 நனோமீற்றர். 2007இல் டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் கட்மியம் சல்பைட்டுத் துகள்களுக்குப் பெனிசிலமைனைப் போர்த்தினார்கள். பெயரைக் கேட்டதும் எங்களுக்குச் சிரிப்பு வந்தது. உடம்பில் செம்பு தேங்கி ஈரலையும் மூளையையும் கெடுக்கும் வில்சன் நோய்க்கு நாங்கள் எழுதுகிற மருந்தல்லவா அது! அதன் ஒரு புரி மருந்து, மறு புரி நஞ்சு. துகளிலும் அப்படியே: எந்தப் புரியைப் போர்த்தினார்களோ அதற்கேற்ப மேற்பரப்பு முறுகி, வல ஒளியையும் இட ஒளியையும் வேறு வேறு அளவில் உறிஞ்சியது. புரியை மாற்றினால் முடிவும் கண்ணாடி விம்பம்போல மாறியது. இத்தகைய துகள்கள் சுழலும் ஒளியை உமிழ்வதையும் பின்னர் காட்டினார்கள்.

சிக்கல் ஒன்று உண்டு. ஒளியலையின் நீளம் சுமார் 500 நனோமீற்றர். அதற்குள் ஒரு நனோமீற்றர் மூலக்கூறுக்கு அந்த முறுக்கு எங்கே தெரியப்போகிறது? வலமும் இடமும் கிட்டத்தட்டச் சமமாகவே வெளிவருகின்றன. வித்தியாசம் ஆயிரத்தில் ஒரு பங்கு என்ற அளவுதான். அதைக் கூட்டுவதுதான் இன்றைய போராட்டம். வென்றால் உங்கள் கைத்தொலைபேசிக்கே இலாபம். ஓஎல்ஈடி திரையில் வெயில் தெறிக்காமல் போட்டிருக்கும் வடிகட்டி, திரையின் சொந்த ஒளியிலும் பாதியை விழுங்குகிறது. ஒரே புரியாக ஒளி புறப்பட்டால் அந்தப் பாதி மிஞ்சும், பற்றரியும் நீடிக்கும்.

கடனைத் தீர்க்க, முப்பரிமாணப் படம் பார்க்கும் வட்ட முனைவாக்கக் கண்ணாடிகள் நாற்பது சோடி கொண்டுவந்திருக்கிறோம். பௌதிகவியல் ஆய்வுகூடத்துக்கு எங்கள் வகுப்பின் அன்பளிப்பு. வாங்கித் தந்தவள் அன்று கேள்வி கேட்டவள். மூன்றாம் வரிசையில் இருக்கிறாள்.

தங்கைமாரே, அணிந்துகொண்டு முகம் பார்க்கும் கண்ணாடி முன் நின்று ஒரு கண்ணை மூடுங்கள். திறந்த கண் இருக்கும் பக்கம் கறுத்துப்போகும், மூடிய கண் தெளிவாகத் தெரியும். ஏன் என்று அவளிடமே கேளுங்கள்.