ராஸ் தீவின் பெரிய வீடு

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

பயனுள்ள ஒரு பொருளைப் பற்றிப் பேசுமாறு விழாக் குழுவினர் எம்மைப் பணித்தனர். யாம் கற்றது பத்தாம் வகுப்பு வரையில்தான். இரயில் ஓடாத இத்தீவிலே இரயில் சீட்டுக்கு முன்பதிவு செய்யும் குமாஸ்தா உத்தியோகம் எமது. கற்றோர் நிறைந்த இவ்வவையில் இலக்கியம் பேச யாம் அஞ்சுகின்றோம். ஆகவே, அபர்தீன் கடற்கரைக்குச் செல்லும்போதெல்லாம் நம் கண்ணில் படுகின்ற ராஸ் தீவில், இடிந்து நிற்கும் ஒரு வீட்டைப் பற்றிச் சில சொல்ல எண்ணினோம். தலைமை ஆணையர் வாழ்ந்த அரசினர் மாளிகையே அவ்வீடு.

இதனைத் தேர்ந்தமைக்குக் காரணம் உண்டு. நம் காலனியில் அவ்வீட்டைப் பற்றி இருவகைப் பேச்சு நடைபெறுகின்றது. "வெள்ளைக்காரன் விட்டுப் போன குட்டிச்சுவரைக் காணக் காசு கொடுத்துப் படகேறுவதா? இடித்துத் தள்ளிவிட்டுப் பூங்கா அமைத்தால் என்ன?" என்பர் பெரியவர் சிலர். "ஆகா, என்ன வாழ்வு வாழ்ந்தார்கள்!" என்று வியந்து, அச்சுவர் முன் நின்று படம் எடுத்துக்கொள்வர் பிள்ளைகள். இவ்விரண்டும் எமக்கு உடன்பாடல்ல.

முதற்கண், ஆங்கிலேயர் தம் நாட்டில் நாட்டுப்புற மாளிகை என்று எதனைக் கூறுகின்றனர் என்பதைப் பார்ப்போம். நகரத்துக்கு அப்பால், நூற்றுக்கணக்கான ஏக்கர் நிலத்தின் நடுவே, மேடான இடம் பார்த்துப் பிரபுக்கள் கட்டிக்கொண்ட வீடு அது. வாயிலிலிருந்து நெடுந்தூரம் வளைந்து செல்லும் பாதை, விருந்தினரை வரவேற்கும் பெருங்கூடம், நடனத்துக்கு ஓர் அறை, மான்கள் மேயும் புல்வெளி ஆகியவை அதன் இலக்கணம். வேலைக்காரர் நடமாட்டம் விருந்தினர் கண்ணில் படாதிருக்கத் தனிப் படிக்கட்டும் உண்டு. நம் செட்டிநாட்டு வீடுகளிலும் முகப்பு விருந்தினர்க்கு, உட்கட்டு வீட்டார்க்கு, பின்கட்டு அடுக்களைக்கு என்ற முறை உண்டல்லவா? பர்மாத் தேக்கும் இத்தாலிய சலவைக்கல்லும் இழைத்த அவ்வீடுகளைப் போலவே, ஆங்கில மாளிகைகள் பலவும் கடல் கடந்து ஈட்டிய பொருளால் எழுந்தவை. பொருள் வந்த வழிதான் வேறு. 1799இல் சீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின் எடுத்துச் சென்ற திப்பு சுல்தானின் கூடாரம், இன்று வேல்ஸ் நாட்டில் போவிஸ் கோட்டையில் இருக்கின்றது. இத்தகைய வீடுகளைப் பராமரிக்கும் நேஷனல் டிரஸ்ட் என்னும் அமைப்பே, தன் பொறுப்பிலுள்ள 93 இடங்களுக்குக் காலனி ஆட்சியோடும் அடிமை வாணிகத்தோடும் தொடர்பு இருந்ததென 2020இல் அறிக்கை வெளியிட்டது. தம் வீட்டின் கணக்கைத் தாமே எடுத்துச் சொன்ன அந்நேர்மையைப் பாராட்டத்தான் வேண்டும்.

அத்தகைய வீட்டின் சாயலைக் கொண்டுவந்து இக்கடல் நடுவே நிறுத்தினர். ராஸ் தீவின் பரப்பு ஒரு சதுர கிலோமீட்டரில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே ஆகும். கடல் அளவையாளர் டேனியல் ராஸ் என்பாரின் பெயரை அது பெற்றிருந்தது. 2018 டிசம்பரில் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு எனப் பெயர் மாற்றப்பெற்றது. ஆயினும் படகுத்துறையில் இன்றும் ராஸ் என்றால்தான் விளங்குகின்றது. ஸ்ரீ விஜய புரம் என 2024இல் பெயர் பெற்ற நம் நகரை நாம் இன்னும் போர்ட் பிளேர் என்று அழைக்கவில்லையா, அதுபோலத்தான்.

1857ஆம் ஆண்டுப் பெருங்கிளர்ச்சி அடக்கப்பட்டபின், 1858 மார்ச்சு 10ஆம் நாள் டாக்டர் ஜேம்ஸ் பாட்டிசன் வாக்கர் 200 கைதிகளுடன் இங்கு வந்து இறங்கினார். முதலில் சாத்தம் தீவில் தங்கினர். அங்கே தண்ணீர் போதாமையால் ராஸ் தீவுக்கு மாறினர். அடர்ந்த காட்டை வெட்டியவர்கள் அக்கைதிகளே. தப்பியோடிப் பிடிபட்ட எண்பதுக்கு மேற்பட்டோரை வாக்கர் ஒரே நாளில் தூக்கிலிட்டார் என்பது அவ்வாண்டின் வரலாறு. பின்னர்ச் சென்னை மாகாணத்திலிருந்தும் கைதிகள் கப்பலில் வந்தனர். அவர்களுள் தமிழ் பேசியோரும் இருந்தனர் என்பதை இவ்வவையோர் நினைவிற்கொள்ள வேண்டுகின்றோம்.

காடு அழிந்த இடத்தில் ஊர் எழுந்தது. கல்லால் ஆன மாதா கோயில், ரொட்டி சுடும் கூடம், அச்சகம், மருத்துவமனை, மனமகிழ் மன்றம், டென்னிஸ் ஆடுகளம், நீச்சல் குளம், கடல்நீரைக் காய்ச்சி வடிக்கும் ஆலை, மின்சார நிலையம் யாவும் அச்சிறு தீவில் அமைந்தன. கிழக்கின் பாரிஸ் என்று அதற்குப் பட்டம் சூட்டினர். பாரிஸைப் பார்த்தவர் எவரேனும் சூட்டியிருப்பாரா என்பது எமது ஐயம்! இவ்வூர் முழுவதற்கும் தலையாக, வடபுறத்து மேட்டில் நின்றது அரசினர் மாளிகை. 1872 முதல் தலைமை ஆணையர் என்னும் பதவி ஏற்பட்டது. அப்பதவியினர் அங்கிருந்தே தீவுகளை ஆண்டனர். அவர்களுள் 1894 முதல் 1904 வரை பதவி வகித்த ரிச்சர்டு டெம்பிள் நாட்டுப்புறக் கதைகளைத் தொகுத்த அறிஞர். எதிர்க்கரையில் செல்லுலார் சிறை 1896இல் தொடங்கி 1906இல் முடிந்தது. ஆகவே, அறிஞர் ஒருவர் கதைகளில் ஈடுபட்டிருந்த அக்காலத்திலேயே அவர் கண்ணுக்கு எதிரே அறைகள் ஒவ்வொன்றாய் உயர்ந்துகொண்டிருந்தன.

ஆங்கில நாட்டு மாளிகைக்கும் இதற்கும் உள்ள பெரிய வேறுபாட்டை இங்கே கூற வேண்டும். அங்கே வேலைக்காரர் கூலிக்கு வந்தோர். விருப்பமில்லையேல் வேறு வீடு தேடலாம். இங்கே கல் சுமந்தவர், மரம் அறுத்தவர், சமைத்தவர், பங்கா இழுத்தவர், படகு தள்ளியவர் எல்லாரும் தண்டனை பெற்றவர்கள். கொலைக் குற்றத்துக்காக நாடு கடத்தப்பட்டவனும் துரை வீட்டில் மேசை துடைத்தான். குற்றவாளி என்று கடல் கடத்தி வந்தவன் கையில் சமைத்த உணவை உண்டு, அவன் காவலில் உறங்கினார்கள் என்றால், அவர்களுடைய நீதியைப் பற்றி யாது சொல்வது? வீட்டில் வாழ்ந்தோர் பெயர்கள் நூல்களில் உள்ளன. கட்டியோர் பெயர்களை அச்சுவரில் எங்கும் காணவில்லை.

அவ்வீட்டின் முடிவு விரைந்து வந்தது. 1941 ஜூன் 26ஆம் நாள் நிகழ்ந்த பெரும் நிலநடுக்கம் ராஸ் தீவைச் சிதைத்தது. தலைமையிடம் போர்ட் பிளேருக்கு மாறிற்று. 1942 மார்ச்சு 23இல் ஜப்பானியர் இறங்கினர். அவர்கள் அமைத்த பதுங்கு அரண்களை இன்றும் அங்கே காணலாம். 1943 டிசம்பர் இறுதியில் நேதாஜி இங்கு வந்தபோது தங்கியது இவ்வீட்டிலேதான். டிசம்பர் 30ஆம் நாள் போர்ட் பிளேரில் மூவண்ணக் கொடியை ஏற்றினார். அதே நாட்களில், எதிர்க்கரைச் சிறையில் டாக்டர் திவான் சிங் முதலிய நம்மவர் ஜப்பானியரால் வதைக்கப்பட்டுக்கொண்டிருந்தனர். 1944 ஜனவரி 14இல் திவான் சிங் உயிர் துறந்தார். விருந்தினர்க்கு அடுக்களைத் துன்பம் தெரியாதபடி கட்டுவது நாட்டுப்புற மாளிகையின் இலக்கணம் என்றோமே, அது இங்கே கடலளவு விரிந்துவிட்டது.

1945இல் ஆங்கிலேயர் திரும்பி வந்தனர். ராஸ் தீவில் மீண்டும் குடியேறவில்லை. கேட்பாரற்ற வீட்டின் மரங்களும் கதவுகளும் போயின. 1979இல் கடற்படையினர் தீவைப் பொறுப்பேற்றுப் பாதை அமைத்துக் காத்து வருகின்றனர். 2004 டிசம்பரில் வந்த ஆழிப்பேரலையின் அடியையும் அத்தீவு தாங்கியது. இன்று கூரை இல்லை. செங்கற் சுவர்களும் வளைவு வாயில்களும் நிற்கின்றன. வெளியிலிருந்து கொண்டுவந்து விட்ட புள்ளிமான்கள் பெருகி அச்சமின்றி மேய்கின்றன. ஆங்கில மாளிகைக்கு உரிய இலக்கணத்தில் மான் ஒன்றே குறையாமல் எஞ்சியுள்ளது!

ஆயின் சுவர்கள் நெடுநாள் நில்லா. ஆலும் அரசும் அவற்றின்மேல் ஏறி, வேர்களால் செங்கல்லைக் கட்டித் தழுவியுள்ளன. வேரை வெட்டினால், அதன் பிடிப்பிலே நிற்கும் சுவர் சரிந்துவிடும். வெட்டாது விட்டால், வேர் பருத்துச் சுவரைப் பிளக்கும். நாம் இடிக்க வேண்டியதில்லை. மரமே அவ்வேலையைச் செய்துகொண்டிருக்கின்றது. இடிக்கச் சொல்லும் பெரியவர்கட்கு எமது விடை இதுதான்: அது ஆண்டவன் வீடு மட்டும் அன்று, அடிபட்டவன் கைவேலையும் ஆகும். அவனுக்கு அங்கே வேறு கல்லறை இல்லை. படம் எடுக்கும் பிள்ளைகளிடம் யாம் வேண்டுவது, முன்வாயிலில் நின்றது போதும், பின்புறம் சென்று சமையற்கட்டும் வேலைக்காரர் இடமும் எங்கிருந்திருக்கும் என்று தேடிப் பாருங்கள் என்பதே.

நம் சங்கத்தில் கட்டடப் பொறியியல் பயின்ற இளைஞர் சிலர் உள்ளனர். சங்கத்தின் பெயரால் கடற்படை அதிகாரிகளுக்கு ஒரு விண்ணப்பம் எழுதி, அனுமதி பெற்று, நிற்கும் சுவர்களை நாடா பிடித்து அளந்து வரைபடம் எழுதி வைக்கலாமா என்று செயற்குழு ஆலோசிக்குமாறு வேண்டுகின்றோம். விண்ணப்பம் எழுதும் பணியை யாமே ஏற்றுக்கொள்கின்றோம். குமாஸ்தாவுக்கு வரும் வேலை அது ஒன்றுதானே. மழைக்காலம் தொடங்குமுன் அளந்துவிடுவது நலம். நனைந்த செங்கல்லின் அருகே ஏணி சாத்துதல் ஆகாது.