தலையெழுத்தா, பள்ளியின் கடமையா?
(போடிநாயக்கனூரில் பேசியது)



விடியுமுன் ஜீப்பேறி, போடிமெட்டு வழியாய் ஏலத்தோட்டம் போகும் தாய்மார்களை ஒன்று கேட்கிறோம். பிள்ளைக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வரவில்லையென்றால், "மக்கு, தலையெழுத்து" என்று படிப்பை நிறுத்திக் காய் பறிக்கக் கூட்டிப்போவதுதானா வழி? கண் மங்கினவன் கண்ணாடி போட்டுக்கொள்ளுகிறான், விதியென்று விடுகிறானா?

2016-ஆம் வருஷத்திய மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைச் சொல்லுகிறது. கற்றல் குறைபாடும் அவற்றிலொன்று. அவரவர் தேவைக்குத் தக்க வசதி செய்துகொடுப்பது பள்ளியின் கடமையென்கிறது. பரீட்சையில் கூடுதல் நேரம், சொல்வதை எழுத ஒரு ஆள், இரண்டாம் மூன்றாம் மொழிப்பாட விலக்கு ஆகியவற்றையும் சொல்லுகிறது. குறைபாடு 40 சதவிகிதத்துக்குக் குறையாதென்று சான்று பெற்ற பிள்ளைக்கு 6 முதல் 18 வயதுவரை இலவசக் கல்வியும் உண்டு.

உபாத்தியாயர்களே! நடக்கமுடியாத பிள்ளையின் வகுப்பை மாடியிலிருந்து கீழே மாற்ற என்ன செலவு?

பெற்றோர்களே! மந்திரிக்கிறவனிடம் போகும் பஸ் கூலியில் அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சான்று வாங்குங்கள். பரீட்சை நெருங்கும்வரை காத்திராமல், இன்ன வசதி வேண்டுமென்று தலைமையாசிரியரிடம் எழுதிக் கொடுங்கள். எழுதத் தெரியாதவர்களுக்கு எழுதிக்கொடுக்க நாம் தயாராயிருக்கிறோம்.